கற்பூரவல்லி தண்ணி எக்ஸ்ட்ராக்ட்ல ஜோனே வரல, செடியை மாத்தணுமா?

மைக்ரோமாணவி:
வணக்கம், எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு கற்பூரவல்லி எடுத்திருக்கேன். இலையை வெயில்ல காயவெச்சு பொடி பண்ணி, தண்ணில கொதிக்கவெச்சு பாதியா சுண்டுனதும் வடிகட்டி, அதுல நனைச்ச பேப்பர் டிஸ்க்கை பாக்டீரியா ப்ளேட்ல போட்டேன். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை ரெண்டு ப்ளேட்லயும் டிஸ்க் ஓரம் வரைக்கும் பாக்டீரியா வளந்து நிக்குது, ஜோன், அதாவது டிஸ்க்கை சுத்தி பாக்டீரியா வளராத வட்டம், வரவே இல்ல. கூட படிக்கிற பொண்ணு அதே பொடியை எத்தனால்ல ஊறவெச்சு போட்டா, ஸ்டஃபைலோவுக்கு மட்டும் சின்னதா ஜோன் வந்துச்சு. கைடு வேற செடி பாருன்னு சொல்றார். எங்க வீட்ல சளின்னா காலங்காலமா இந்தக் கஷாயம்தான், அப்ப அதுல ஒண்ணுமே இல்லையா?

இலைச்சாறு:
செடி நல்ல செடிம்மா, எடுக்குற விதத்தை மாத்துங்க. இலையை கசக்குனா ஓம வாசனை வருதுல்ல, அது கார்வக்ராலும் தைமாலும். ரெண்டும் எண்ணெய்ல இருக்குற சமாச்சாரம், தண்ணில ரொம்ப கொஞ்சமாத்தான் கரையும். கார்வக்ரால் தனியா கொதிக்க 237 டிகிரி கிட்ட வேணும், ஆனா தண்ணியோட சேந்தா 100 டிகிரிக்குள்ளயே நீராவியோட கிளம்பிடும், நீங்க சுண்டவைக்கிறப்போ லேப் பூரா மணத்திருக்கும், போனது அதுதான். வெயில்ல காயவெச்சப்பவே கொஞ்சம் போயிருக்கும். பச்சை இலையை கிளெவென்ஜர்ல (நீராவியோட வர்ற எண்ணெயைப் பிடிக்கிற கண்ணாடிக் கருவி) போட்டு எண்ணெயா பிடிங்க, முடிஞ்சா எண்ணெய்ல என்னென்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற ஜி.சி.எம்.எஸ் டெஸ்ட் பாத்துடுங்க, ஏன்னா சில இடத்து செடில கார்வக்ரால் அதிகம், சிலதுல தைமால். மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினின் கதையும் இப்படித்தான், சீன விஞ்ஞானி து யூயூ அந்தச் செடியை சூடு படாம ஈதர்ல எடுத்தப்புறம்தான் 1971ல எலி மலேரியாவுக்கு முழுசா கேட்டுச்சு, 2015ல அவங்களுக்கு நோபல் கிடைச்சுது.

பெட்ரிப்ளேட்:
மேல சொன்னது ரொம்ப சரி. கூடவே வெறும் எத்தனால் டிஸ்க் ஒண்ணும் நல்லா காயவெச்சு அதே ப்ளேட்ல வைங்க, இல்லன்னா வைவால அந்த ஜோன் இலையாலயா சாராயத்தாலயான்னு கேப்பாங்க. அப்புறம் ஜோனை மட்டும் நம்பாதீங்க, எண்ணெய் ப்ளேட்ல இருக்குற அகார் ஜெல்லில சரியா பரவாது, மஞ்சள்ல இருக்குற குர்குமினுக்கும் இதே தொல்லைதான். 96 குழி ப்ளேட்ல எம்.ஐ.சி (பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்துற குறைஞ்சபட்ச அளவு) போடுங்க, எண்ணெயை டி.எம்.எஸ்.ஓங்கிற கரைப்பான்ல கரைச்சு பாதி பாதியா குறைச்சுட்டே வந்து ரெசாசுரின் சாயம் விட்டா, உயிரோட இருக்குற குழி ரோஸ் ஆயிடும், செத்த குழி நீலமாவே நிக்கும்.

மைக்ரோமாணவி:
ரொம்ப நன்றி! எத்தனால்லயும் ஈ.கோலைக்கு ஏன் வரல?

வேர்முடிச்சு:
ஈ.கோலை கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியாம்மா, வெளியில லிப்போபாலிசாக்கரைடு போட்ட இன்னொரு சவ்வு இருக்கு, எண்ணெய்த்தன்மை உள்ளது சுலபமா நுழையாது. ஆனா அளவு போதுமா இருந்தா கார்வக்ரால் அந்த சவ்வையே உடைச்சுடும், அதனால எம்.ஐ.சில ஈ.கோலையையும் கண்டிப்பா சேருங்க. கஷாய விஷயம் தனி, சளி பெரும்பாலும் ரைனோ மாதிரி வைரஸால வர்றது, அதுக்கு பாக்டீரியா ப்ளேட் பதில் சொல்லாது, ஆமான்னும் சொல்லாது இல்லன்னும் சொல்லாது. தீசிஸ்ல சளியை இதோட முடிச்சுப் போடாதீங்க. கைடுகிட்ட தண்ணி ப்ளேட்டையும் எத்தனால் ப்ளேட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டுங்க, எண்ணெய் ப்ளேட்டும் சேந்துட்டா அந்த வித்தியாசமே ஒரு முழு சாப்டருக்கு வரும்.