ஒரே ரஜ்ஜு என்கிறார்கள், கட்டத்தில் வேறு எதைப் பார்ப்பது?

வணக்கம். எனக்கு ரோகிணி நட்சத்திரம், பேசி வரும் வரனுக்குத் திருவாதிரை. இரண்டும் கண்ட ரஜ்ஜு (நட்சத்திரங்களை உடல் பாகங்களாகப் பிரிக்கும் ரஜ்ஜுப் பொருத்தத்தில் கழுத்துப் பிரிவு; இருவருக்கும் ஒரே பிரிவு வந்தால் தோஷம் என்பார்கள்) என்று சொல்லி ஒரு ஜோதிடர் நோட்டை மூடிவிட்டார். இன்னொருவரோ, ரோகிணி ஆரோகணம் (ஏறுமுகம்), திருவாதிரை அவரோகணம் (இறங்குமுகம்), அதனால் தோஷமில்லை என்கிறார்.

என் குழப்பம் வேறு. பத்துப் பொருத்தம் முழுவதும் சந்திரன் நின்ற நட்சத்திரத்தையும் ராசியையும் சுற்றியே ஓடுகிறது. என் கட்டத்தில், திருமணத்தைக் குறிக்கும் ஏழாமிடத்தில் சனி தனியாக உட்கார்ந்திருக்கிறது; அவர் கட்டத்தில் ஏழாம் அதிபதி பன்னிரண்டில். (இதைக் கேட்டதும் அம்மாவின் முகம் போன போக்கு!) இவற்றை இரண்டு ஜோதிடர்களும் தொடவே இல்லை.

இரு கட்டங்களையும் அருகருகே வைத்து ஏழாமிடம், சுக்கிரன், நவாம்சம் (ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் கட்டம்) ஆகியவற்றை ஒப்பிடத் தெரிந்தவர்கள், எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்களேன். பரிகாரம் வேண்டாம், பார்க்கும் முறை தெரிந்தால் போதும்.