ஸ்மார்ட் ஸ்பீக்கர்: கூப்பிட்டால் விளக்கு எரியுது, பதில்தான் இல்லை

வணக்கம். இடம் கொழும்பு வெள்ளவத்தை, தொடர்மாடி. ஸ்பீக்கர் அமெரிக்காவில் வாங்கியது. பெயர் சொன்னதும் விளக்கு எரியுது, ஆகவே மைக் பிழையில்லை. பிறகு "இணைய இணைப்பு இல்லை" என்கிறது.

அடாப்டரில் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்றிருக்கு; நம்ம 230 வோல்ட்டுக்குப் பொருந்தும். போன் ஹொட்ஸ்பொட்டில் போட்டால் உடனே பேசுது. வீட்டு வைஃபையில்தான் சிக்கல், அதுவும் கரண்ட் போய் வந்த பிறகு.

என் சந்தேகம் சனலில், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை எண்ணில். ரவுட்டர் சனலைத் தானே தெரிவுசெய்யும் 'ஓட்டோ'வில் இருக்கு. திரும்ப எழும்பும்போது 2.4 கிகாஹேர்ட்ஸில் 12 அல்லது 13ஐப் பிடித்தால், அமெரிக்காவுக்கென்று செய்த பல சாதனங்களுக்கு அந்த வைஃபையே தெரியாது. இங்கே வாங்கிய போனுக்குத் தெரியும், அதனால் ரவுட்டரில் யாருக்கும் சந்தேகம் வராது! 1, 6, 11இல் ஒன்றை நிரந்தரமாக வைத்து, சனலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸ் ஆக்கினால் தீரவேண்டும்.

ஆனால் இணைய நிறுவனம் தந்த ரவுட்டரில், சாதாரண லொகினில் சனல் பகுதி பூட்டியிருக்கு. ஊசியால் ரீசெட் பண்ணினால் ஃபைபர் இணைப்பின் பதிவுகளும் அழியலாம், அதனால் அந்த யோசனை வேண்டாம்.

கேள்வி இரண்டு. அழைத்துக் கேட்டால் சனலை அவர்களே தூரத்திலிருந்து மாற்றித் தருவார்களா? இல்லாவிட்டால் சொந்த ரவுட்டர் ஒன்றை, டிஎச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, லேன் (LAN, வீட்டுச் சாதனங்களுக்கான) துளையில் கேபிள் கொடுத்து, வைஃபை மட்டும் தரும் வெறும் அக்சஸ் பொயின்ட்டாக வைக்கலாமா? வேன் (WAN, இணையம் உள்ளே வரும்) துளையில் கொடுத்தால் இரண்டு வலையமைப்பாகி, பழைய வைஃபையில் நிற்கும் போனுக்கு ஸ்பீக்கர் தெரியாமல் போகும். இப்படி வைத்திருப்பவர்கள் ரவுட்டரின் மொடலையும் எழுதுங்கோ.