மாலை போட்ட அன்றே பீடியை விட்டான்

காசிமேட்டிலிருந்து:

என் தம்பி 9 வருடமாக குளோசபின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறான். முன்னால் இரண்டு மருந்து மாற்றிப் பார்த்தும் காதில் கேட்ட குரல்கள் நிற்கவில்லை. இதில்தான் நின்றது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, இப்போது மாதம் ஒரு முறை. ராத்திரி 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று. துறைமுகத்தில் வலை சரிசெய்யும் வேலைக்குப் போகிறான். தினம் ஒரு கட்டு பீடி தீர்த்துவிடுவான்.

போன கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போட்டான். அன்றே பீடியை விட்டுவிட்டான். அம்மா அழுதே விட்டாள். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நல்ல காரியம்தானே, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

ஐந்தாறு நாளில் காலையில் அவனை எழுப்பவே முடியவில்லை. எச்சில் ஒழுகித் தலையணை நனைந்துவிடும். பேச்சு குழறியது. விடியற்காலைக் குளியலும் ஒருவேளைச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். "சாமி பார்த்துப்பார், மாத்திரையை நிறுத்துங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நல்லவேளை, அதைக் கேட்கவில்லை. பத்தாம் நாள் குளிக்கப் போனவன் வாசற்படியிலேயே விழுந்தான். ஆட்டோ பிடித்து ஓடினோம்.

"மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். எண்ணித்தான் கொடுக்கிறேன் என்று அட்டையைக் காட்டினேன். அவர் தம்பியின் கழுத்து மாலையைப் பார்த்தார். "பீடி, சிகரெட் பழக்கம் உண்டாம்மா?"

"இருந்தது சார், மாலை போட்டதிலிருந்து தொடறதில்லை."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா" என்றார். பீடிப் புகை உள்ளே போனால் ஈரல் இந்த மருந்தை வேகமாகக் கழித்துவிடுமாம். புகை நின்றதும் ஈரல் நிதானமாகிவிடும், மருந்து உடம்பிலேயே தேங்கும். அதே மூன்று மாத்திரை, நாலைந்து போட்ட மாதிரி வேலை செய்யும். இதற்குக் காரணம் நிகோடின் இல்லை, புகைதான். ஓலன்சபின் என்ற இன்னொரு மனநோய் மருந்துக்கும் இது பொருந்தும் என்றார். 9 வருடத்தில் இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இன்றும் மனசு ஆறவில்லை.

அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டான். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: மறுபடி பீடி பிடித்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும், குரல்கள் திரும்ப வரலாம், திட்டாமல் கூட்டி வாங்க. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மூன்றாம் நாள் அவன் சட்டையில் பீடி வாசனை வந்தது. மறுநாள் காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கி நின்றோம்.

வியாசர்பாடியிலிருந்து:

அக்கா, என் அண்ணன் மகனும் குளோசபின்தான் சாப்பிடுகிறான். மலச்சிக்கலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து நாள் வெளிக்குப் போகாமல், வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். வயிறு உப்பி, வாந்தி எடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. குடலின் அசைவையே இந்த மருந்து மந்தமாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து என்று எமர்ஜென்சியில் சொன்னார்கள். அண்ணி இப்போது தினமும் கேட்கிறாள், அவனும் கூச்சமில்லாமல் சொல்கிறான்.

காசிமேட்டிலிருந்து:

இதை நானும் அவனிடம் கேட்டதே இல்லை தம்பி. இன்று கேட்கிறேன். வருகிற கார்த்திகைக்கும் மாலை போடப் போகிறானாம். இந்த முறை ஐப்பசியிலேயே டாக்டரைப் பார்த்து, எந்த நாளில் பீடியை விடுவது, மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறோம்.