விண்டோஸ் 11-இல் பழைய எம்டிபி: டிரைவர் இருக்கிறது, புரோகிராம் ஏற்க மாட்டேன் என்கிறது

இலைக்கணக்கு (கோத்தகிரி):
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலைக் கணக்கு எழுதுகிறேன். விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடை போட்டு, ஈரத்துக்குக் கழித்து, மாதம் முடிந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று பில் போடும் புரோகிராம் ஒன்று 2004-இலிருந்து ஓடுகிறது. விபி 6-இல் (விஷுவல் பேசிக்) எழுதியது. எழுதிக் கொடுத்த தம்பி இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ! டேட்டா முழுக்க ஒரே ஒரு எம்டிபி ஃபைல், அதாவது பழைய ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைல்.

இதுவரை விண்டோஸ் 7, 32 பிட். இந்த ஐப்பசி மழையில் ஒரு வாரம் வெயிலே எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் காலை மெஷின் ஆன் ஆகவில்லை என்று திறந்தால், போர்டில் பச்சை பூத்திருந்தது. ஹார்டு டிஸ்க் பிழைத்ததே புண்ணியம். முதலாளி புது மெஷின் வாங்கித் தந்தார், விண்டோஸ் 11.

புரோகிராம் டேட்டாவை எட்ட விண்டோஸின் ஓடிபிசி-யில் டிஎஸ்என் வேண்டும், அதாவது எந்த டிரைவர் வழியாக எந்த ஃபைலைத் திறப்பது என்ற பதிவு. தேடினால் ஓடிபிசி இரண்டு வந்தன, 32 பிட், 64 பிட் என்று. மெஷின் 64 பிட் ஆயிற்றே என்று 64-ஐத் திறந்தேன். டிரைவர் பட்டியலில் எஸ்க்யூஎல் சர்வர் மட்டும்தான் இருந்தது. சரி என்று ஆக்சஸ் டேட்டாபேஸ் இன்ஜின் 64 பிட் இறக்கிப் போட்டேன். டிரைவர் வந்தது. யூசர் டிஎஸ்என்னில் 'இலை' என்று பழைய பெயரிலேயே சேர்த்தேன். புரோகிராமைத் திறந்தால், டிரைவருக்கும் அப்ளிகேஷனுக்கும் ஆர்க்கிடெக்சர் பொருந்தவில்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது. 32-இன் பட்டியலிலும் 'இலை' தெரிகிறதே, அப்புறம் என்ன?

இப்போதைக்கு நோட்டில் எழுதுகிறோம். பட்டுவாடா நெருங்குகிறது. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, மெதுவாகச் சொல்லுங்கள்.

பூம்பாறை:
பேசாமல் 32 பிட் விண்டோஸ் போட்டுவிடுங்கள் சார். தலைவலி விட்டது.

குன்னூர் சர்வீஸ்:
விண்டோஸ் 11-க்கு 32 பிட்டே கிடையாது, பூம்பாறை. விண்டோஸ் 10-இல் உண்டு. ஆனால் அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

இலைக்கணக்கு அண்ணா, நீங்கள் இறக்கிப் போட்டதே தேவையில்லை. விபி 6 புரோகிராம் எந்த மெஷினில் ஓடினாலும் 32 பிட்தான். அதற்கு 32 பிட் டிரைவர் மட்டுமே செல்லும். எம்டிபி-க்கான பழைய ஜெட் டிரைவர் விண்டோஸ் 11-உடனேயே வருகிறது. 32 பக்கத்தில் மட்டும் வருகிறது. அதனால்தான் 64 பட்டியலில் நீங்கள் அதைப் பார்க்கவில்லை.

யூசர் டிஎஸ்என் இரண்டு பட்டியலிலும் தலைகாட்டும். பக்கத்தில் பிளாட்ஃபார்ம் என்று ஒரு நெடுவரிசை இருக்கும், பாருங்கள். உங்கள் 'இலை'க்கு நேரே 64 பிட் என்று இருக்கும். அதை அழித்துவிடுங்கள். 32 பிட் ஓடிபிசி-யை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சிஸ்டம் டிஎஸ்என்னில் சேருங்கள். யூசரில் சேர்த்தால் உங்கள் லாகினுக்கு மட்டும்தான் ஆகும். டிரைவர் பெயரில் எம்டிபி மட்டும் இருந்தால் அதுதான் ஜெட். கூடவே ஏசிசிடிபி (புதிய ஆக்சஸ் ஃபைல் வகை) என்றும் இருந்தால் அது நீங்கள் இறக்கியது.

ஓடிபிசி-யை ஃபோல்டருக்குள் போய்க் கையால் திறக்க நினைத்தால் ஒரு வேடிக்கை: சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட். 32 பிட் இருப்பது சிஸ்வாவ்64-இல். இரண்டிலும் ஃபைல் பெயர் ஒன்றே. பழைய புரோகிராம்கள் சிஸ்டம்32 என்ற பாதையை நம்பி எழுதப்பட்டதால் அந்தப் பெயரை மாற்றாமல் விட்டார்கள். நானே இதில் ஒரு நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறேன்.

இலைக்கணக்கு (கோத்தகிரி):
தம்பி, திறந்துவிட்டது! விவசாயிகள் பெயரெல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாக வந்தது. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட் போட்டதும் சரியாகிவிட்டது, அதை நானே கண்டுபிடித்தேன்.

ஆனால் இப்போது வேறு கூத்து. சாயங்கால எடையை இன்னொரு தம்பி அவர் லாகினில் போடுகிறார். நேற்று 37 பேர் இலை, 1,140 கிலோ. இன்று காலை என் லாகினில் திறந்தால் ஒருவர் கணக்கும் இல்லை. அவர் போய்த் திறந்தால் இருக்கிறது! என் காலை எடை அவருக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாகிவிட்டது, பதியவே இல்லை என்று கடிந்துகொண்டேன்.

குன்னூர் சர்வீஸ்:
எம்டிபி-யை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறீர்களா? அங்கே சாதாரண லாகினுக்கு எழுத அனுமதி இல்லை. பழைய 32 பிட் புரோகிராம் எழுத வந்தால், விண்டோஸ் அதைத் தடுக்காமல் அந்த லாகினுக்கென்று ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடும். யூசர்ஸ், உங்கள் லாகின் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்று உள்ளே போய்ப் பாருங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர்.

ஒன்றின் மேல் ஒன்றைக் காப்பி செய்துவிடாதீர்கள்! இரண்டிலும் பாதிப் பாதி இருக்கிறது. முதலில் இரண்டையும் பென் டிரைவில் தனித்தனிப் பெயரில் எடுங்கள். அப்புறம் சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர் போட்டு, யூசர்ஸ் எல்லோருக்கும் எழுத அனுமதி கொடுத்து, எம்டிபி-யை அங்கே வைத்து, டிஎஸ்என்னில் பாதையை மாற்றுங்கள்.

பூம்பாறை:
தேதியையும் பாருங்கள் சார். பழைய மெஷினில் நாள் முதலில் இருந்து, புது மெஷினில் மாதம் முதலில் வந்தால், 12-ஆம் தேதி வரை பிழையே காட்டாமல் மாற்றிப் பதிந்துவிடும். எங்கள் பூண்டுக் கணக்கில் பட்ட பாடு.

இலைக்கணக்கு (கோத்தகிரி):
இருந்தது தம்பி, சொன்ன இடத்திலேயே, இரண்டு லாகினிலும். என் ஃபைலை புது ஃபோல்டரில் வைத்து, அவர் பதிந்த 37-ஐயும் ரசீதுக் கட்டைப் பார்த்து இரண்டு பேருமாக ஏற்றினோம். 1,140 கிலோ, கிராம் பிசகாமல் வந்தது. தேதியில் மாதம்தான் முதலில் இருந்தது, மாற்றிவிட்டேன். அந்தத் தம்பிக்கு வர்க்கியும் டீயும் என் கணக்கில்.