ட்ரெம்2 ஏற்பி மூளையில் மட்டும்தானா?

முதுகலை மாணவி:
வணக்கம். என் ஆய்வுத் திட்டத்துக்கு ட்ரெம்2 (TREM2) ஏற்பியை, அதாவது செல்லின் மேலிருந்து உள்ளே செய்தி அனுப்பும் ஒரு புரதத்தை, எடுத்திருக்கிறேன். வாசித்த கட்டுரைகள் எல்லாம் மூளை, அல்சைமர் என்றே போகின்றன. எந்தப் புரதம் எந்தத் திசுவில் இருக்கிறது என்று காட்டும் மனிதப் புரத அட்லஸ் தளத்தில் தேடினால் நுரையீரல், கொழுப்புத் திசு இரண்டிலும் ஆர்என்ஏ இருப்பதாகக் காட்டுகிறது. மூளையில் இருப்பது நியூரானிலா? இந்தத் திசு வரைபடத்தை எப்படிப் புரிந்துகொள்வது? வழிகாட்டி கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

செல்_வாசகன்:
நியூரானில் இல்லை, மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவில். அதே அட்லஸில் செல் வகை வாரியாகப் பிரித்துக் காட்டும் தனிச்செல் பகுதி இருக்கிறது, அதைப் பாருங்கள்.

திசுவியல் ஆய்வாளர்:
மேலே சொன்னது சரி. ஆனால் ஏன் என்று புரிந்தால்தான் வழிகாட்டியிடம் பேச முடியும்.

திசு முழுவதையும் அரைத்து ஆர்என்ஏ எண்ணும்போது கிடைப்பது சராசரி. மூளைச் செல்களில் மைக்ரோகிளியா ஏறக்குறைய பத்தில் ஒன்று, சில பகுதிகளில் அதைவிடக் குறைவு. அவற்றில் ட்ரெம்2 நிறைய இருந்தாலும் மற்ற செல்களின் ஆர்என்ஏவில் கரைந்துவிடும். ஆகவே எந்த உறுப்பு என்று கேட்காதீர்கள், எந்த செல் என்று கேளுங்கள். நுரையீரலில் அது காற்றறைகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல். கொழுப்புத் திசுவில், உடல் பருமனாகும்போது செத்த கொழுப்புச் செல்லைச் சூழ்ந்து நிற்கும் மேக்ரோஃபேஜ். எலும்பில், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல். கொழுப்பையும் செல் சிதைவையும் விழுங்கும் வேலை எங்கே நடக்கிறதோ, பெரும்பாலும் அங்கே இந்த ஏற்பி இருக்கும். லிப்பிடுகள் என்ற கொழுப்பு வகைப் பொருள்களைப் பற்றிக்கொள்வதும், டிஏபி12 என்ற துணைப் புரதம் வழியாகச் செல்லுக்குள் செய்தி அனுப்புவதும்தான் அதன் வேலை.

இதற்கு மிகத் தெளிவான சான்று நாசு-ஹகோலா நோய். ஜப்பானிலும் பின்லாந்திலும் முதலில் விவரிக்கப்பட்டது. ட்ரெம்2 அல்லது டிஏபி12 மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானவர்களுக்கு வருவது. இருபது, முப்பது வயதில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வலி, எலும்பில் நீர்க்கட்டி, முறிவு. பிறகு நாற்பதை ஒட்டி மறதி நோய். எலும்பும் மூளையும் ஒரே நோயில் சேர்ந்து கெடுவது பல காலம் புதிராக இருந்தது. ஏற்பி எந்தெந்த செல்லில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே விடை வந்தது. இந்த நோயைப் படித்த நாளிலிருந்து எனக்கு "மூளை ஏற்பி" என்ற சொல்லே பிடிப்பதில்லை. 2013இல் ட்ரெம்2 மரபணுவில் ஆர்47எச் என்ற மாற்றம் அல்சைமர் அபாயத்தைக் கூட்டுகிறது என்று வந்ததிலிருந்து எல்லோர் கவனமும் மூளைப் பக்கமே திரும்பிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. ட்ரெம்2ஐப் பிடித்துக் காட்ட நான் முதலில் வாங்கிய ஆன்டிபாடி நியூரான்களை அழகாகச் சாயமேற்றியது. பல வாரம் நம்பிவிட்டேன். ட்ரெம்2 மரபணு நீக்கிய செல்களில் போட்டுப் பார்த்தால் அங்கேயும் அதே சாயம்! நுரையீரலில் இன்னொரு தொல்லை: காற்றறை மேக்ரோஃபேஜ் தானாகவே ஒளிரும். ஆன்டிபாடியே போடாத ஸ்லைடு ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் எந்தப் படத்தையும் நம்பாதீர்கள். அட்லஸில் உள்ள சாயப் படங்களையும் அங்கே கொடுத்திருக்கும் நம்பகத்தன்மைக் குறிப்போடு சேர்த்தே பாருங்கள்.

முதுகலை மாணவி:
மிக்க நன்றி ஐயா, எலும்பு விஷயம் தெரியவே தெரியாது. கடைசியாக ஒன்று: ரத்தத்தில் அளந்தால் போதாதா? மாதிரி கிடைப்பது எளிது.

திசுவியல் ஆய்வாளர்:
ரத்தத்தில் சுற்றும் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களில் இது மிகக் குறைவு, திசுவுக்குள் போய் மேக்ரோஃபேஜ் ஆன பிறகே கூடும். ரத்த நீரில் ட்ரெம்2 அளக்க முடியும்தான், ஆனால் அது ஏற்பியின் வெளித்துண்டு. ஆடம்10, ஆடம்17 என்ற நொதிகள் செல்லின் மேலிருந்து வெட்டிவிடுவது. எந்தத் திசுவிலிருந்து வந்தது என்று அந்தத் துண்டு சொல்லாது. மூளை பற்றித்தான் கேள்வி என்றால் மூளைத் தண்டுவட நீரில் அளப்பது நல்லது. அதுவும் முடியாதென்றால் வெளியிடப்பட்ட தனிச்செல் தரவிலிருந்தே தொடங்குங்கள் அம்மா, திட்டத்துக்கு அது தாராளமாகப் போதும்.