ஜனவரி 1 அன்று யாராவது சொன்னது பலித்திருக்கிறதா?

தேக்காக்காரன்:
2023 ஜனவரி 1, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே காப்பிக்கடை. இங்கே ஜிஎஸ்டி வரி அன்றுதான் 8% ஆனது, அதையும் உக்ரைனையும் பேசிக்கொண்டிருந்தோம். துறைமுகத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஊதிக்கொண்டே, "சண்டை கிடக்கட்டும் தம்பி, இந்த வருஷம் அரிசியைப் பாரு" என்றார். சிரித்தோம். ஜூலை 20, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. மறுநாள் கடைக்கு ஓடினால் 5 கிலோ பை ஒன்றே ஒன்று, ஓரம் கிழிந்து டேப் ஒட்டியது. அந்த டேப் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இந்த ஜனவரி 1 அன்றும் பெரியவர் வந்தார். ஒன்றும் சொல்லாமல் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அதுதான் உறுத்துகிறது.

ஈசூன் அக்கா:
எனக்குப் பொய்த்ததுதான் உண்டு. ஊரில் படிக்கும்போது கலாம் ஐயாவின் 2020 கனவைப் பேசிப் பரிசு வாங்கியவள் நான். அந்தப் புத்தாண்டு இரவு மரினா பேயில் வாணவேடிக்கைக்கு நடுவே, "அம்மா, 2020 வந்தாச்சு" என்று போனில் கத்தினேன். ஜனவரி 23, இங்கே முதல் கொரோனா நோயாளி. பிப்ரவரி 7 மாலை நோய் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தி அறிவித்தார்கள், ராத்திரி கடையில் மேகி அடுக்கே காலி. கடைசி டிஷ்யூ கட்டை எடுத்த சீனப் பாட்டி என்னை ஒருமுறை பார்த்தார், அங்கேயே பிரித்துப் பாதியைக் கையில் திணித்தார். நன்றி சொல்லக்கூட எனக்கு அவர் மொழி தெரியாது.

கப்பல் கணக்கு:
தேக்கா அண்ணே, அது ஜோசியமே இல்லை. 2022 செப்டம்பரிலேயே இந்தியா நொய்யரிசியை நிறுத்தி, பச்சரிசிக்கு 20% வரி போட்டாச்சு. பேப்பர் படிக்கிற துறைமுகத்து ஆளுக்கு அடுத்தது தெரியாதா? நீங்கள் ஓடியதும் வீண். புழுங்கல் பொன்னிக்குத் தடையே கிடையாது, 2023 ஆகஸ்டில் வந்ததும் வரிதான். அந்த மாதக் கடைசியில் சிங்கப்பூருக்கு விலக்கு தருவதாக டில்லி சொல்லிவிட்டது. இங்கே இறக்குமதி செய்கிறவர்கள் இரண்டு மாத இருப்பு வேறு வைத்தாக வேண்டும்.

என் கதை சின்னது. 2024 புத்தாண்டுக்கு எங்கள் மேலாளர், "செங்கடல் பிப்ரவரிக்குள் அடங்கும்" என்று பலகையில் எழுதினார். அங்கே கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்த நேரம். கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து, வருஷ நடுவில் நம் துறைமுகத்திலேயே வரிசையில் நின்றன. பலகையை யாரும் அழிக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். வீட்டில் 10 கிலோவுக்கு மேல் அரிசி வைக்காதீர்கள், இந்த ஊர் ஈரத்துக்கு வண்டு வரும். இறுக்க மூடும் டப்பா, உள்ளே காய்ந்த மிளகாய் நாலைந்து. பழையது தீராமல் புதுப் பையைப் பிரிக்கக் கூடாது. மூட்டையைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள், அடியில் ஒரு பலகை போடுங்கள். சலுகை விலை என்றதும் இரண்டாகத் தூக்கிவரவும் வேண்டாம்.

தேக்காக்காரன்:
பொன்னி என்று நான் எங்கே சொன்னேன்? அம்மாவுக்குப் புழுங்கல் ஆகாது, எங்கள் வீட்டில் பச்சரிசிதான். வண்டு ஏற்கெனவே வந்தாச்சு.