பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் உள்ளேயே இருந்தான்

பள்ளத்தூரிலிருந்து:

விடியற்காலை நாலரை மணிக்குப் பினாங்கிலிருந்து அயித்தான் போன் செய்தார். அங்கே ஏழு மணி. “தம்பி, அப்பச்சிக்கு எப்படி இருக்கு? எந்த ஆஸ்பத்திரி?” என்கிறார். அப்பச்சியோ பட்டாலையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

என் ஜிமெயிலிலிருந்து அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போயிருந்தது. அவசர ஆபரேஷன், உடனே பணம் வேண்டும், கீழே இருக்கும் கணக்கில் போடுங்கள் என்று. மலேசியா, சிங்கப்பூர் என்று எங்கள் சொந்தம் பரவியிருப்பதால் இதே கடிதம் பதினோரு பேருக்குப் போயிருக்கிறது. நான் அயித்தானுக்குத் தமிழில்தான் எழுதுவேன். அதனால் அவருக்குச் சந்தேகம் வந்தது, பிழைத்தோம்.

எங்கிருந்து வந்தது என்று தேடினேன். இரண்டு நாளுக்கு முன் அண்ணன் மகன் கல்யாண ஆல்பம் செய்யும் சாஃப்ட்வேரைக் காசு கட்டாமல் ஓட்ட ஒரு ‘கிராக்’, அதாவது திருட்டுப் பதிப்பு, இறக்கியிருந்தான். பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல். பக்கத்திலேயே அந்தப் பாஸ்வேர்டும், ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்’ என்ற குறிப்பும். பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப்பார்க்க முடியாது. அதற்காகத்தான் பூட்டே. கிளிக் செய்ததும் ஒரு கறுப்புப் பெட்டி மின்னி மறைந்திருக்கிறது, சாஃப்ட்வேர் எதுவும் வரவில்லை. ஃபைல் சரியில்லை என்று நினைத்து அழித்துவிட்டான்.

கணினியில் இருப்பதைத் திருடி அனுப்பும் ‘ஸ்டீலர்’ வகை நிரலுக்கு அந்தச் சில நொடிகள் போதும். பிரவுசரில் நாம் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருக்கின்றன. ஆனால் சாவி நம்முடைய விண்டோஸ் கணக்கோடு சேர்ந்தது. நம் கணக்கில் ஓடுகிற நிரல் நம்மைப் போலவே அதைத் திறந்துகொள்கிறது. அதோடு குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ‘இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்’ என்று தளம் கொடுத்த அடையாளச் சீட்டுதான் குக்கீ. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். நான் ஓடிபி வைத்திருந்தும் திருடன் நுழைந்தது இப்படித்தான்.

நான் செய்த பெரிய தவறு, பதறிப்போய் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றியது. சாயங்காலமே இன்னொரு கடிதம் போய்விட்டது. நம் செட்டிநாட்டு வீடுகள் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும். முகப்புக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போடுகிறோம், திருடனோ வீட்டுக்குள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் உட்கார்ந்து புதுச் சாவி எங்கே தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். என் நிலைமை அதுதான்.

அப்புறம் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினேன். மனைவியின் போனில், மொபைல் டேட்டாவில் என் கூகுள் கணக்கைத் திறந்தேன். சாதனங்கள் பட்டியலில் எனக்குத் தெரியாத ஒரு விண்டோஸ் கணினி இருந்தது. எல்லாவற்றையும் லாகவுட் செய்துவிட்டு, அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் என்னுடையவைதானா என்று பார்த்துக்கொண்டேன். ஒன்று மட்டும் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. அமைப்புகளில் ‘ஃபில்டர்’ பகுதியில் ஒரு விதி எழுதி வைத்திருந்தான்: அந்தக் கடிதத் தலைப்போடு வரும் பதில்கள் எல்லாம் நேரே குப்பைக்கு. “உண்மையா?” என்று கேட்டு நாலு பேர் எழுதியது அங்கே கிடந்தது. தயவுசெய்து அந்த இடத்தைப் பாருங்கள்.

விண்டோஸோடு வரும் டிஃபென்டர் ஆன்டிவைரஸின் ஆஃப்லைன் ஸ்கேனில் ஒன்று சிக்கியது. சிக்கியது மட்டும்தான் இருந்தது என்று யார் உறுதி சொல்வது? படங்களையும் மொய்க் கணக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டோம்.

தேவகோட்டையிலிருந்து:

எனக்கு இந்தத் திருட்டு நிரல் ஃபைல் எதுவும் இறக்காமலே வந்தது. ஒரு விண்ணப்பப் படிவம் தேடிப் போன இடத்தில் ‘நான் ரோபோ இல்லை’ என்ற கட்டம். அழுத்தினால், விண்டோஸ் பட்டனோடு ஆர், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் தட்டச் சொன்னது. தட்டிவிட்டேன். அந்த இணையப் பக்கம் ஒரு கட்டளையை எனக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்திருக்கிறது, அதை என் கையாலேயே ஓடவிட்டிருக்கிறது. எந்த உண்மையான கேப்ட்சாவும் அப்படித் தட்டச் சொல்லாது.

ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை. சில வகைகள் வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும். ஆனால் நான் கண்டாங்கிச் சேலை விற்கும் இன்ஸ்டா பக்கம் மறுநாள் கிரிப்டோ விளம்பரமாக மாறிவிட்டது. அதைத் திரும்ப வாங்க ஒன்பது நாள் ஆனது. லும்மா என்ற ஒரே ஒரு ஸ்டீலர் 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னதைப் படித்தபோதுதான் நான் தனியாள் இல்லை என்று தெரிந்தது.

காரைக்குடியிலிருந்து, கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன்:

வருகிறவர்கள் பலர் “பணம் போகலையே, அப்புறம் பார்க்கலாம்” என்கிறார்கள். வேண்டாம். திருடிய பாஸ்வேர்டு மூட்டையைத் திருடர்கள் வேறொருவருக்கு விற்பார்கள், வாங்கியவன் எப்போது பிரிப்பான் என்று தெரியாது. முதலில் மெயில். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை அதை வைத்துத்தான் மாற்ற முடியும் என்பதால். அடுத்தது வங்கி. பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

போன மாதம் ஒரு பையன் கம்ப்யூட்டர் விளையாட்டில் குறுக்கு வழியில் ஜெயிக்க ‘சீட்’ என்று எதையோ ஓடவிட்டு, திட்டு விழும் என்று இருபது நாள் சொல்லாமல் இருந்திருக்கிறான். அதற்குள் அவன் அம்மாவின் மூன்று கணக்குகள் போய்விட்டன. அவரிடம் பையனைத் திட்ட வேண்டாம் என்று கெஞ்சித்தான் சொன்னேன். போன வாரம் அவனே ஆயாவின் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். ஏதோ லிங்க் வந்திருக்கிறது, இன்னும் தொடவில்லை என்றான்.